வில்லுக்கேற்ற அம்பு

(யாங்கோனில் தமிழன்பர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இரண்டு வில்லாளிகளின் கதையோடு தொடங்குகிறேன். ஒருவன் நம் முன்னோரோடு கப்பலேறி இங்கே வந்தவன். மற்றவன் இந்த மண்ணிலேயே பிறந்தவன்.

முதலாமவன் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி. அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, கலைமானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றருகே இருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் பாடியிருக்கிறார். கொல்லிமலையில் செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. ஆடிப்பெருக்கையொட்டி ஆண்டுதோறும் அவன் பெயரில் விழாவும் நடக்கிறது. இரண்டாமவன் பகான் அரச மரபின் கதைகளில் வரும் ப்யூசோதீ. மன்னர் பாஜிதோ காலத்தில், 1829-ல் தொகுக்கத் தொடங்கிய ‘கண்ணாடி அரண்மனை வரலாறு’ அவனைப் பற்றிப் பேசுகிறது. ஊரை அலைக்கழித்த பெரும் பறவை, பெரும் பன்றி, பெரும் புலி, பறக்கும் அணில் ஆகியவற்றை வில்லால் கொன்று அரசனின் மகளை மணந்தவன் அவன்.

இரண்டு கதையிலும் புகழ் வில்லுக்கும் வில்லாளிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அம்பைச் செய்தவன் யார், எந்த மூங்கிலில் செய்தான், எத்தனை சாண் நீளம் என்று யாரும் கேட்கவில்லை. இன்றைக்கு நான் பேச வந்தது அந்த அம்பைப் பற்றித்தான். வில் எவ்வளவு பலமானதாக இருந்தாலும், அம்பின் விறைப்பும் நீளமும் அதற்கு ஒத்துவராவிட்டால் அந்தப் பலம் பாழ். நடுத்தர வில்லுக்குப் பொருந்திய அம்பு கிடைத்தால், பொருந்தாத அம்பு வைத்த முரட்டு வில்லை அது தோற்கடித்துவிடும். இதை உங்கள் கண்முன் அளந்தே காட்டலாம் என்றுதான் இந்தப் பலகையையும் இரண்டு அம்புத் தண்டுகளையும் மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை குற்றம். மியான்மரிலும் 1994-ன் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2018-ன் சட்டம் காட்டு விலங்குகளுக்குப் பாதுகாப்புத் தருகிறது. ஆகவே யாரும் நாளைக்கே பெகு மலைக்குக் கிளம்பிவிட வேண்டாம். ‘வேட்டை வில்’ என்று நான் சொல்வது வில்லின் இனத்தை: நாற்பது பவுண்டுக்கு மேல் இழுவை உள்ளது, கனமான அம்பை அருகிலிருந்து எய்வதற்கென்று செய்தது. அதை வைத்து வைக்கோல் இலக்கில் எய்தாலும், பொம்மை மானின் மேல் எய்தாலும், இயற்பியல் ஒன்றுதான்.

வழியை மறிக்கும் வில்

அம்பை நாணில் பூட்டி, இழுக்காமல் சும்மா வைத்துப் பாருங்கள். நாண் வில்லின் நடுவில் இருக்கிறது. அம்பின் முன்பகுதியோ விற்பிடியின் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. வலக்கைக்காரர் என்றால் அம்பு விற்பிடிக்கு இடப்பக்கம் இருக்கும். அதன் முனை இலக்குக்குச் சற்று இடப்புறமாகப் பார்க்கும். நாணை முழுதும் இழுத்தால் இந்தச் சாய்வு குறைகிறது. விட்டவுடன் நாண் மறுபடி நடுவை நோக்கி ஓடுகிறது. அப்படியானால் அம்பு விற்பிடியில் மோதி இடப்பக்கம் தெறிக்க வேண்டும். நல்ல அம்பு அப்படிப் போவதில்லை. விற்பிடி குறுக்கே நின்றும் நேராகப் போய்த் தைக்கிறது.

இந்த முரணுக்கு ‘வில்லாளியின் புதிர்’ என்று பெயர். புதிரை அவிழ்க்க அதிவேகப் படக்கருவி வர வேண்டியிருந்தது. பெல் தொலைபேசி ஆய்வகத்தில் வேலை பார்த்த கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற இயற்பியலாளர், 1930-களில் அம்பு வில்லை விட்டுக் கிளம்பும் கணத்தைப் படமாக எடுத்தார். அந்தப் படங்களில் அம்பு விறைத்த கம்பியாக இல்லை. பாம்பைப் போல நெளிந்தது.

நடப்பது இதுதான். விரல்களிலிருந்து நாண் நழுவும்போது நேரே முன்னால் போவதில்லை. கொஞ்சம் பக்கவாட்டில் ஒதுங்கித்தான் போகும். அதோடு, பின்னாலிருந்து நாண் தள்ளுகிறது, முன்னால் கனமான முனை நகர மறுக்கிறது. இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட தண்டு வளைகிறது. முதலில் அதன் நடுப்பகுதி வில்லின் பக்கமாக அழுந்துகிறது. அடுத்து மீண்டெழுந்து, வில்லை விட்டு வெளிப்பக்கமாக வளைகிறது. பிறகு மறுபடி உள்ளே வளையும்போது வால்பகுதி வெளியே வீசப்பட்டு, இறகு விற்பிடியைத் தொடாமல் கடந்து போகிறது. இவ்வளவும் விநாடியின் ஐம்பதில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். அம்பு வில்லைச் சுற்றிக்கொண்டு போகிறது என்று சொன்னால் அது மிகையில்லை.

இப்போது விறைப்பு ஏன் முக்கியம் என்பது புரிந்திருக்கும். தோளில் காவுதடி சுமந்து தெருவில் போகும் வியாபாரியைப் பார்த்திருப்பீர்கள். தடி ஏறி இறங்கும் தாளமும் அவர் எட்டு வைக்கும் தாளமும் சேர்ந்தால்தான் சுமை லேசாகப் போகும். தடி விறைப்பாக இருந்தால் தோளை அடிக்கும், துவண்டால் கூடை ஆடும். அம்பின் நெளிவும் அப்படித்தான் வில்லின் தள்ளலோடு காலம் ஒத்துப்போக வேண்டும். அதிக விறைப்பான அம்பு போதுமான அளவு வளையாது. விற்பிடியில் உரசி இடப்பக்கம் ஒதுங்கும். துவளும் அம்பு அளவுக்கு மீறி வளைந்து வலப்பக்கம் போகும். இடக்கைக்காரருக்கு இதைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மண்ணின் விடைகள்

வழியை மறிக்கும் வில்லை என்ன செய்வது என்ற கேள்விக்கு, மியான்மரின் மலைமக்களும் சமவெளி மக்களும் வேறு இரண்டு விடைகள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

வடக்கே கச்சின் மாநிலத்து லிசு மக்களின் குறுக்குவில் முதல் விடை. அங்கே வில் படுக்கைவாட்டில் ஒரு கட்டையில் செருகப்பட்டிருக்கிறது. கட்டையின் மேல் நீளமாக ஒரு பள்ளம். மூங்கில் சிம்பால் செய்த குட்டை அம்பு அந்தப் பள்ளத்தில் கிடக்கிறது. விசையைத் தட்டினால் நாண் அதை நடுக்கோட்டிலேயே தள்ளிக்கொண்டு போகிறது. சுற்றிப் போக வேண்டிய தடையே இல்லை. நாணைப் பக்கவாட்டில் ஒதுக்கும் விரலும் இல்லை. அதனால் அந்த அம்பின் விறைப்பை மயிரிழை சுத்தமாகப் பொருத்த வேண்டிய கட்டாயம் கிடையாது. வாலில் இறகுக்குப் பதிலாக மடித்த இலைத்துண்டு ஒன்று போதுமாக இருக்கிறது. அம்பு லேசானது, அதன் குறையை முனையில் தடவும் வத்சநாபி நஞ்சு ஈடுசெய்தது.

இரண்டாவது விடை உண்டைவில். களிமண் உருண்டையை எறியும் வில் அது. பயிரில் இறங்கும் பறவையை விரட்ட இங்கேயும் இந்தியாவிலும் அதை வைத்திருந்தார்கள். கம்பன் காவியத்தில் சிறுவன் இராமன் கூனியின் முதுகில் உண்டை அடித்ததாக ஒரு செய்தி வருகிறதல்லவா, அந்த இனம்தான். அதற்கு இரட்டை நாண். நடுவில் உண்டை வைக்க ஒரு சிறு பை. உண்டை வளையாது, நெளியாது. நேரே விட்டால் வில்லைப் பிடித்திருக்கும் கட்டைவிரலில்தான் வந்து மோதும். ஆகவே விடும் கணத்தில் எய்பவர் மணிக்கட்டைத் திருகி வில்லையே வழிவிடச் செய்கிறார். ஜப்பானின் நீண்ட வில்லிலும் எய்தவுடன் வில் கைக்குள்ளேயே சுழன்று திரும்புவதைக் காணலாம்.

இவை போக, இருபதாம் நூற்றாண்டுத் தொழிற்சாலைகள் கண்ட விடை ஒன்று உண்டு. விற்பிடியையே நடுக்கோடு வரை குடைந்து எடுத்துவிட்டார்கள். முனைகள் முன்னோக்கி வளைந்த இன்றைய ரீகர்வ் வில்லில் கைப்பிடிக்கு மேலே ஒரு பக்கம் வெட்டி எடுத்தது போல் இருக்கிறதே, அதற்கு இதுதான் காரணம். மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1969-ல் காப்புரிமை பெற்ற, கப்பி பூட்டிய காம்பவுண்ட் வில்லில், இன்று பெரும்பாலும் விரலுக்குப் பதிலாக விசைக்கருவி நாணை விடுகிறது. பக்கவாட்டு நெளிவு இன்னும் குறைகிறது. ஆனாலும் பின்னாலிருந்து தள்ளும்போது தண்டு வளையாமல் இருக்காது. எந்த வில்லானாலும் அம்பைப் பொருத்தும் வேலை மிச்சம் இருக்கிறது.

அளந்து பார்ப்போம்

வில்லாளிகள் அம்பின் விறைப்பை ‘ஸ்பைன்’ என்கிறார்கள். அதை அளக்கும் கருவி கடையில் கிடைக்கிறது. ஆணியும் பலகையும் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம். இந்தப் பலகையில் 26 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணிகள் அடித்திருக்கிறேன். மரத்தண்டை இரண்டின் மேலும் கிடத்தி, சரியாக நடுவில் 2 பவுண்டு, அதாவது 907 கிராம் எடையைத் தொங்கவிடுகிறேன். தண்டு எவ்வளவு தொய்கிறது என்று பின்னால் இருக்கும் அளவுகோலில் பாருங்கள்: 0.52 அங்குலம். இருபத்தாறை இந்த எண்ணால் வகுத்தால் 50 வருகிறது. இது ஏறத்தாழ 50 பவுண்டு வில்லுக்கான தண்டு.

அதே கட்டிலிருந்து எடுத்த அடுத்த தண்டை வைக்கிறேன். 0.60 அங்குலம் தொய்கிறது; வகுத்தால் 43. ஒரே மரம், ஒரே தடிமன், ஒரே கடை. கண்ணால் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். இந்த இரண்டையும் ஒரே தூணியில் போட்டுக்கொண்டு போனால், ஒன்று நேராகவும் மற்றது வலப்பக்கமும் போகும். எய்பவர் தன் கையைத் திட்டிக்கொண்டிருப்பார்.

அலுமினியத்துக்கும் கார்பனுக்கும் கணக்கு வேறு. ஆணிகளின் இடைவெளி 28 அங்குலம், எடை 880 கிராம். தொய்வை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காக எண்ணி அம்பின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். 500 என்று இருந்தால் அரை அங்குலம் தொய்கிறது என்று பொருள். எண் சிறியதானால் விறைப்பு அதிகம்: 400 விறைப்பானது, 600 துவளக்கூடியது. மரத்தண்டில் எண் பெரியதானால் விறைப்பு அதிகம். கார்பனில் அது தலைகீழ். புதிதாக வருபவர்கள் சறுக்கும் இடம் இது.

தடிமனைப் பற்றி ஒரு சொல். ஒரே மரத்தில் தண்டின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்காக ஏறுகிறது. 5/16 அங்குலத் தண்டுக்குப் பதில் 11/32 அங்குலத் தண்டை எடுத்தால் விட்டம் பத்தில் ஒரு பங்குதான் கூடுகிறது, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. விறைப்போ ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடுகிறது. அம்பு செய்பவர் மணல்தாளால் இரண்டு இழுப்பு கூடுதலாக இழுத்தால் தண்டு வேறு வில்லுக்குப் போய்விடும் என்று சொல்வது இதனால்தான்.

நீளமும் முனையும்

இதுவரை சொன்னது தண்டு சும்மா கிடக்கும்போது உள்ள விறைப்பு. வில்லில் ஏறிய பிறகு அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை வேறு பல சங்கதிகள் தீர்மானிக்கின்றன. அவற்றில் முதன்மையானது நீளம். தொய்வு நீளத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 28 அங்குல அம்பை 30 அங்குலமாக்கினால் தொய்வு சுமார் 23 விழுக்காடு கூடுகிறது. 26 ஆக வெட்டினால் 20 விழுக்காடு குறைகிறது. மர அம்புக்காரர்கள் இதை ஒரு வாய்ப்பாடாக வைத்திருக்கிறார்கள்: 28-க்கு மேல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறத்தாழ ஐந்து பவுண்டு விறைப்பு கூடுதலாக வேண்டும்.

முனையின் எடை அடுத்தது. முன்னால் கனம் கூடினால் நகர மறுப்பு கூடும். தண்டு அதிகமாக வளையும். 125 கிரெயின் முனையை எடுத்துவிட்டு 175 கிரெயின் முனையை மாட்டினால் அதே அம்பு சட்டென்று துவண்டுவிட்டது போல் நடக்கும். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின் என்பது கணக்கு. 125 கிரெயின் என்பது எட்டு கிராம்தான். எட்டு கிராமுக்கும் பதினோரு கிராமுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது.

மூன்றாவது நாண். நீளாத புதுவகை இழையில் திரித்த நாண், பழைய டாக்ரான் நாணைவிட வேகமாக உதைக்கும்; அதற்கு இன்னும் விறைப்பான அம்பு வேண்டும். விற்பிடி எவ்வளவு அகலம், நடுக்கோட்டுக்கு எவ்வளவு தள்ளி அம்பு படிகிறது என்பது நான்காவது. அகலப் பிடியைச் சுற்றிப் போக அம்பு அதிகம் வளைய வேண்டும், ஆகவே துவளும் தண்டு வேண்டும். நடுவரை குடைந்த பிடிக்கு விறைப்பான தண்டு.

வில்லின் பலம் எவ்வளவு என்பதையும் எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வில்லின் கையில் ‘45 பவுண்டு, 28 அங்குலம்’ என்று இருக்கும். 28 அங்குலம் இழுத்தால் 45 பவுண்டு, நம் யாங்கோன் சந்தைக் கணக்கில் பன்னிரண்டரை வீசை. உங்கள் கை குட்டையாகி 26 அங்குலம்தான் இழுக்கிறீர்கள் என்றால், அங்குலத்துக்கு இரண்டு மூன்று பவுண்டு வீதம் குறைந்து, உங்கள் கையில் அது நாற்பது பவுண்டு வில்தான். கொக்கித் தராசை நாணில் மாட்டி, உங்கள் இழுப்பு வரை இழுத்து, முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அம்பைத் தேர்ந்தெடுக்க அந்த எண்தான் வேண்டும்.

நீளத்தில் விறைப்பு மட்டுமல்ல, கையின் பத்திரமும் அடங்கியிருக்கிறது. முழுதும் இழுத்த நிலையில் அம்பின் தண்டு வில்லின் முன்பக்கத்தைத் தாண்டிக் குறைந்தது ஓர் அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அகன்ற அலகுள்ள வேட்டை முனை பூட்டியிருந்தால் இது இன்னும் கண்டிப்பான விதி. இல்லையென்றால் அலகு விரலுக்கு வந்துவிடும். முனை விற்பிடிக்கு உள்ளே சரிந்துவிட்டால் ஆபத்து அதைவிடப் பெரிது.

கடலுக்கு அப்பால் ஒரு வில்

யாங்கோன் பிரதேசத்தின் எல்லை நகரோடு முடிந்துவிடவில்லை. கோகோ தீவுகளும் நிர்வாகத்தில் இதைச் சேர்ந்தவைதான். அந்தத் தீவுகளுக்குத் தெற்கே ஒரு நீரிணையைத் தாண்டினால் அந்தமானின் வடகோடி. வேட்டை வில்லையும் அம்பையும் பொருத்துவதற்கு இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரிந்த மிகக் கூர்மையான பாடம் அங்கேதான் இருக்கிறது.

பெரிய அந்தமானியரின் வில்லைப் பற்றி 1880-களில் எட்வர்டு ஹொரேஸ் மேன் என்ற ஆங்கில அதிகாரி விரிவாக எழுதி வைத்திருக்கிறார். துடுப்பு போல அகன்ற இரண்டு கைகள், நடுவில் குறுகிய பிடி, பக்கத்திலிருந்து பார்த்தால் எஸ் வடிவத்தில் ஒரு வளைவு. அந்த வில்லின் அம்புகளுக்கு இறகே கிடையாது. பன்றிக்கான அம்பில் தலை தனியாகக் கழலும்; தலையையும் தண்டையும் ஒரு கயிறு இணைத்திருக்கும். அம்பு பட்ட பன்றி புதருக்குள் ஓடும்போது தண்டு கழன்று, கயிற்றின் முனையில் இழுபட்டு, செடிகொடியில் மாட்டி அதைத் தடுத்து நிறுத்திவிடும்.

இறகில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். இறகு என்பது அம்பின் தவறைத் திருத்தும் ஆசிரியர். வில்லை விட்டுக் கோணலாகக் கிளம்பிய அம்பைக் காற்றில் பிடித்து இழுத்து நேராக்குவது அதன் வேலை. அந்த ஆசிரியரே இல்லாமல் எய்ய வேண்டுமானால் கிளம்பும்போதே அம்பு நேராகக் கிளம்ப வேண்டும். அதற்கு வேண்டியவை அந்த வில்லில் இருக்கின்றன. பிடி குறுகலானது, அம்பு அதிகம் சுற்றிப் போக வேண்டியதில்லை. அம்பின் தலை கனமானது. எடை முன்னால் இருந்தால் வால் தானாகப் பின்தொடரும். காட்டுக்குள் எய்யும் தூரமும் குறைவு. எண்ணும் அளவுகோலும் இல்லாமல், தலைமுறை தலைமுறையாகக் கையாலேயே வளைத்துப் பார்த்துத் தேர்ந்த பொருத்தம் இது. இதைப் பார்த்துவிட்டு ‘ஆதிகால ஆயுதம்’ என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள், தம்முடைய கார்பன் அம்பிலிருந்து இறகை உரித்துவிட்டு ஒருமுறை எய்து பார்க்கட்டும்.

பெரிய அந்தமானியர் இன்று மிகச் சிலரே எஞ்சியிருக்கிறார்கள். ஜாரவாக்களும் சென்டினல் தீவினரும் இன்னும் வில்லோடு வாழ்கிறார்கள். 1956-ஆம் ஆண்டின் பாதுகாப்பு ஒழுங்குமுறை அவர்கள் இடத்துக்குள் வெளியார் நுழைவதைத் தடுக்கிறது. வில்லைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு போர்ட் பிளேரின் மானிடவியல் அருங்காட்சியகம் இருக்கிறது. அதோடு நிறுத்திக்கொள்வதுதான் முறை.

இறகில்லா அம்பே நீதிபதி

இறகை உரித்து எய்வது என்று நான் கேலிக்காகச் சொல்லவில்லை. இன்றைய வில்லாளிகள் அம்பைப் பொருத்துவது அப்படித்தான். அட்டவணை பார்த்து, கொஞ்சம் துவளக்கூடிய தண்டைத் தேர்ந்து, வெட்டாமல் முழு நீளத்தில் வாங்குங்கள். நடுவரை குடைந்த பிடியுள்ள 45 பவுண்டு ரீகர்வ் என்றால் கார்பனில் 500 அல்லது 600-ல் தொடங்கலாம். நீங்கள் பூட்டப்போகும் எடையுள்ள முனையையே பூட்டுங்கள். இறகுள்ள அம்புகள் மூன்று, இறகில்லாதவை இரண்டு. பத்து மீட்டரில் தொடங்கிப் பிறகு பதினைந்து, இருபது என்று தள்ளிப் போய் எய்யுங்கள்.

வலக்கைக்காரருக்கு இறகில்லா அம்பு வலப்பக்கம் விழுந்தால் தண்டு துவள்கிறது. முன்பக்கத்திலிருந்து கால் அங்குலம் வெட்டி மறுபடி எய்யுங்கள். அல்லது லேசான முனையை மாட்டுங்கள். இடப்பக்கம் விழுந்தால் விறைப்பு அதிகம். கனமான முனை மாட்டிப் பாருங்கள். இறகுள்ளவையும் இல்லாதவையும் ஒரே இடத்தில் கூடும் வரை இதையே செய்ய வேண்டும். முழு நீளத்தில் தொடங்கச் சொல்வதன் காரணம் எளிது: வெட்டலாம், ஒட்ட முடியாது.

ஓர் எச்சரிக்கை. கை பழகாதவர் விடும் அம்பு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் போகும். அதை வைத்து அம்பை வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் குச்சிதான் மிஞ்சும். நாலைந்து முறை எய்தும் ஒரே பக்கமாக விழுந்தால்தான் அது அம்பின் சாட்சி.

ஊடுருவும் அம்பு

இலக்குப் போட்டியில் பொருந்தாத அம்பு மதிப்பெண்ணை இழக்கச் செய்யும். வேட்டையில் அது விலங்கை வதைக்கும். வால் ஆடிக்கொண்டே போய்த் தைக்கும் அம்பின் எடை, முனைக்கு நேர் பின்னால் இருக்காது. தள்ளும் வலு பக்கவாட்டில் சிதறி, அம்பு பாதியில் நின்றுவிடும். காயம்பட்ட விலங்கு ஓடிப்போய் நாட்கணக்கில் சாகும். வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளில் அம்பின் பொருத்தத்தை அறத்தின் பகுதியாகவே வைத்துப் பேசுவது இதனால்தான்.

எடையும் இதில் சேர்கிறது. வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் எட்டிலிருந்து பத்து கிரெயின் வரை அம்பின் எடை இருக்க வேண்டும் என்பது வேட்டை வில்லாளிகளின் பழைய கணக்கு. 45 பவுண்டுக்கு 450 கிரெயின் என்றால் சுமார் 29 கிராம். அப்படிப்பட்ட அம்பு ரீகர்வ் வில்லிலிருந்து ஏறத்தாழ விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் கிளம்பும். லேசான அம்பு இன்னும் வேகமாகப் போகும், உண்மைதான். ஆனால் வில்லின் ஆற்றலில் கனமான அம்பு கூடுதல் பங்கை எடுத்துக்கொள்கிறது. மிச்சம் வில்லிலேயே அதிர்வாக நின்றுவிடுவது குறைகிறது. மிக லேசான அம்பு, அம்பே இல்லாமல் நாணை விடுவதற்குச் சமம், வில் உடையும்.

மங்கோலியர் இதை அறிந்திருந்தார்கள். தொலைவுக்கு லேசான அம்பு, அருகில் வருபவனுக்கு அகன்ற அலகுள்ள கனமான அம்பு என்று இரண்டு வகையை அவர்கள் வைத்திருந்ததாக மார்க்கோ போலோ எழுதுகிறார். 1277-ல் யுன்னான் எல்லையில் பகான் படையின் யானைகளைக் கண்டு மங்கோலியரின் குதிரைகள் மிரண்டன. வீரர்கள் இறங்கி, குதிரைகளை மரங்களில் கட்டிவிட்டு, நின்றபடியே யானைகளின் மேல் அம்பு மழை பொழிந்தார்கள். யானைகள் திரும்பி ஓடின. இந்த நாட்டின் வரலாறு ஒரு முறை அம்பின் முனையில் திரும்பியிருக்கிறது.

இங்கே அம்பு வைத்திருப்பவர்களுக்கு மழைக்காலம் தனிச் சோதனை. மரமும் மூங்கிலும் ஈரம் குடித்தால் எடை கூடும், விறைப்பு குறையும், கோணலும் ஆகும். மூங்கில் அம்பைத் தணலுக்கு மேல் மெல்லச் சூடாக்கி, கணுவுக்குக் கணு கண்ணைச் சுருக்கி நோக்கி, விரலால் அழுத்தி நிமிர்த்துவது பழைய கைவேலை. கருகினால் அந்த இடத்தில் ஒடியும். சூடு போதாவிட்டால் மறுநாளே பழைய கோணலுக்குத் திரும்பும். நிமிர்த்தியதை எண்ணெயோ அரக்கோ பூசிக் காக்க வேண்டும். இறகு நனைந்தால் படிந்துவிடும். ஓர் அம்புக்கு வைக்கும் மூன்று இறகும் பறவையின் ஒரே பக்கச் சிறகிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும். இடமும் வலமும் கலந்தால் ஒன்றை ஒன்று எதிர்த்து அம்பைத் தடுமாற வைக்கும். கார்பன் அம்புக்கு ஈரக் கவலை இல்லை. ஆனால் எய்வதற்கு முன் ஒவ்வொரு முறையும் இரண்டு கையாலும் லேசாக வளைத்து, வெடிப்பு உண்டா என்று காதுகொடுத்துக் கேளுங்கள். வெடித்த கார்பன் நாணின் உதையில் சிதறிக் கைக்குள் ஏறிவிடும்.

மூங்கில் அம்பிலிருந்து கார்பன் அம்புக்குத் தாண்டிய ஒருவரைச் சொல்கிறேன். ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்துப் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்த லிம்பா ராம், சிறுவயதில் மூங்கில் வில்லோடு காட்டில் திரிந்தவர். 1988, 1992, 1996 என்று மூன்று ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக எய்தார்; 2012-ல் பத்மஸ்ரீ பெற்றார். மூங்கிலிலிருந்து அலுமினியத்துக்கும் கார்பனுக்கும் அவர் தாண்டியது பெரிய தாண்டல் என்று எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கு அது அவ்வளவு வியப்பாகப் படவில்லை. அம்பு எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்கப் பழகிய கண்ணுக்குத் தண்டு எதனால் ஆனது என்பது இரண்டாம் பட்சம்.

இளைஞர்கள் பலர் இங்கே வந்திருக்கிறீர்கள். வில் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது ‘எத்தனை பவுண்டு’ என்பதுதான். கனமான வில்லை எடுத்தால் ஆண்மை என்று ஒரு நினைப்பு. அந்தக் கனமான வில்லுக்குக் கொடுக்கும் காசிலேயே, இழுக்க முடிகிற வில் ஒன்றும், அதற்கு அளந்து தேர்ந்த ஆறு அம்புகளும் வாங்குங்கள். பலகையும் இரண்டு ஆணியும் ஒரு எடையும் நான் இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன். கூட்டம் முடிந்ததும் உங்களிடம் உள்ள அம்புகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, எண்ணைத் தண்டின் மேலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே கட்டில் வாங்கியவற்றில் எத்தனை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன என்று பார்த்த பிறகு, உங்கள் கைமேல் நீங்கள் வைத்திருக்கும் குறைகளில் பாதி குறைந்துவிடும்.